பிஎம்எஸ்எம் மாடலில் மின்னோட்டம் இரட்டிப்பாக வருகிறது, எங்கே தேடுவது?

மோனோபிளாக் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன். சோலாரில் ஓடும் 3 எச்.பி. மோனோபிளாக்கிற்காக (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) ஒரு பிஎம்எஸ்எம் மோட்டாரை, அதாவது ரோட்டரில் நிரந்தரக் காந்தம் வைத்த சின்க்ரனஸ் மோட்டாரைக் கட்டியிருக்கிறோம். அதை ஓட்டும் மின்னணுப் பெட்டியான டிரைவ் வெளியில் வாங்கியது. அடுத்து டிரைவையும் நாமே செய்யலாம் என்று முதலாளி சொல்கிறார். அதற்கு முன்னால் மோட்டாரை பைத்தானில் மாடல் செய்து பார்க்கச் சொன்னார்கள். டி-க்யூ சமன்பாடுகளை (மூன்று ஃபேஸ் அளவுகளை ரோட்டரோடு சுழலும் இரண்டு அச்சுகளில் எழுதுவது; டி காந்தத்தின் திசை, க்யூ அதற்குச் செங்குத்து) நானே எழுதினேன், ரெடிமேட் பிளாக் எதுவும் எடுக்கவில்லை.

மோட்டார் விவரம்: 2.2 கிலோவாட், 3000 ஆர்பிஎம், 4 போல் (காந்த முனை), காந்தம் ரோட்டரின் மேற்பரப்பில் ஒட்டியது. டிசி பஸ் 320 வோல்ட். இரண்டு லீடுகளுக்கு நடுவே அளந்ததில் ரெசிஸ்டன்ஸ் 1.8 ஓம், இண்டக்டன்ஸ் 16 மில்லிஹென்றி. ஸ்டார் கனெக்ஷன் என்பதால் மாடலில் பாதி போட்டேன்: 0.9 ஓம், 8 மில்லிஹென்றி. மோட்டார் ஷாஃப்டை லேத் சக்கில் பிடித்து 1000 ஆர்பிஎம்மில் சுற்றினோம். எந்த இரண்டு லீடில் வைத்தாலும் மல்டிமீட்டர் 60 வோல்ட் காட்டியது. அந்த 60-ஐ √3-ஆலும் மின் கோணவேகத்தாலும் வகுத்து ஃப்ளக்ஸ் லிங்கேஜ் (காந்தப்புலம் சுருளோடு பிணையும் அளவு) 0.165 வெபர் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது சிக்கல். டி மின்னோட்டத்தைப் பூஜ்யத்தில் வைத்து 7 நியூட்டன் மீட்டர் லோடு கொடுத்தால் மாடலில் க்யூ மின்னோட்டம் 14.1 ஆம்பியர் வருகிறது. நிஜத்தில் பிரேக் டிரம் கட்டி (ஆரம் 15 செ.மீ., ஸ்பிரிங் பேலன்ஸ் வித்தியாசம் 4.75 கிலோ, அதாவது அதே 7 நியூட்டன் மீட்டர்) ஓட்டும்போது கிளாம்ப் மீட்டர் காட்டுவது 7.2 ஆம்பியர். கிட்டத்தட்ட சரியாக இரட்டிப்பு. போல் ஜோடியில் தப்பா, டார்க் (சுழற்றுவிசை) சூத்திரத்தின் முன்னால் வரும் அந்த 1.5 என்ற காரணியில் தப்பா?

இன்னொன்று. டிரைவ் லாஜிக் எழுதும் முன் வெறும் வி/எஃப்-இல் (ரோட்டர் எங்கே என்று பார்க்காமல், அதிர்வெண்ணுக்கு விகிதமாக மின்னழுத்தத்தை ஏற்றுவது) ஓட்டிப் பார்த்தேன், லோடு இல்லாமல். அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றினால் 20 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் போகிறது. அதைத் தாண்டியதும் வேகம் ஊசலாட ஆரம்பித்து, பெரிதாகிக்கொண்டே போய் மோட்டார் சின்க்கை (கொடுக்கும் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஓடுவதை) விட்டுவிடுகிறது. 25 ஹெர்ட்ஸில் பார்த்தால் வினாடிக்கு 9 முறை போல ஆடுகிறது. சமன்பாடுகளைச் சிறு நேர ஸ்டெப்புகளாகத் தீர்க்க எடுத்தது ஆய்லர் முறை, ஸ்டெப் 100 மைக்ரோசெகண்ட். இனர்ஷியா இம்பெல்லரோடு சேர்த்து 0.004 கி.கி.மீ². இது என் கோடின் கோளாறா, மோட்டாரே அப்படித்தானா? உராய்வு எதுவும் போடவில்லை.

அலைமாற்றி

இரட்டிப்பு என்றால் போல்தான். 4 போல் மோட்டாருக்கு ஜோடி 2 என்று போட்டிருப்பீர்கள், சில புத்தகங்களில் டார்க் சூத்திரத்தில் மொத்த போல் எண்ணிக்கையைப் போடுவார்கள். 4 போட்டுப் பாருங்கள், 7 ஆம்பியருக்கு வந்துவிடும். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் வந்தது.

மோனோபிளாக்

போட்டுப் பார்த்தேன் நண்பரே. க்யூ மின்னோட்டம் அதே 14.1. ஒரு புள்ளிகூட அசையவில்லை. ஃபேஸ் அதிர்வெண் மட்டும் 200 ஹெர்ட்ஸ் ஆகிவிட்டது.

பேனல்போர்டு

அசையாதுதான் தம்பி. நீங்கள் ஃப்ளக்ஸை நேராக அளக்கவில்லை, 60 வோல்ட்டிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தீர்கள். அந்தக் கணக்கில் போல் ஜோடி கீழே வகுக்கிறது. டார்க் சூத்திரத்தில் மேலே பெருக்குகிறது. இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மோட்டார் 1000 ஆர்பிஎம்மில் இத்தனை வோல்ட் கொடுக்கும் என்று சொல்லிவிட்டாலே, ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு டார்க் என்பதும் முடிவாகிவிட்டது. உள்ளே எத்தனை போல் என்று அதற்குத் தெரியவே வேண்டாம். உள்ளே போகும் மின்சாரமும் வெளியே வரும் சுழற்சியும் ஒரே கணக்கில் அடங்கியாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 2 போட்டதே சரி, திரும்ப மாற்றிவிடுங்கள்.

உங்கள் இரட்டிப்பு ஒரே 2 இல்லை. இரண்டு √2 சேர்ந்து வந்தது. ஒன்று தப்பு, இன்னொன்று தப்பே இல்லை.

தப்பில்லாததை முதலில் சொல்கிறேன். 2/3 வைத்து எழுதும் டி-க்யூ மாற்றத்தில் க்யூ மின்னோட்டம் என்பது ஃபேஸ் மின்னோட்டத்தின் உச்ச மதிப்பு. கிளாம்ப் மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ், அதாவது சைன் அலையில் உச்சத்தை √2-ஆல் வகுத்த பயனுறு மதிப்பு. 14.1-ஐயும் 7.2-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. 7.2-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 10.2. மாடலின் 14.1-ஐ இந்த 10.2-உடன் ஒப்பிடுங்கள். இரட்டிப்பு 1.38 மடங்காக இறங்கிவிட்டது. மீதி 1.38-க்கும் 1.41-க்கும் நடுவில் இருக்கும் கொஞ்சம், உராய்வும் இரும்பு இழப்பும். நிஜ மோட்டார் அதற்கும் சேர்த்து மின்னோட்டம் இழுக்கிறது, உங்கள் மாடலில் இரண்டும் இல்லை.

இப்போது தப்பு. மல்டிமீட்டரின் 60 வோல்ட் லைனுக்கு லைன், ஆர்எம்எஸ். நீங்கள் √3-ஆல் வகுத்து ஃபேஸுக்குக் கொண்டுவந்தீர்கள். √2-ஆல் பெருக்கி உச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. 60-ஐ √3-ஆல் வகுத்தால் 34.6. √2-ஆல் பெருக்கினால் 49. அதை 1000 ஆர்பிஎம்மில் 2 ஜோடிக்கான 209.4-ஆல் வகுத்தால் 0.234 வெபர். இதைப் போட்டு ஓட்டினால் க்யூ மின்னோட்டம் 10 ஆம்பியர் வரும். ஆர்எம்எஸ்-இல் 7.05. உங்கள் 7.2-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மிச்சத்தை உராய்வுக்கு எழுதிவிடலாம்.

சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் இருக்கும் பிஎம்எஸ்எம் பிளாக்கில் மின்னழுத்த மாறிலி போடும் இடத்தில் 'உச்சம், லைனுக்கு லைன், 1000 ஆர்பிஎம்முக்கு' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் டேட்டா ஷீட்டில் இருக்கும் ஆர்எம்எஸ் எண்ணை அப்படியே அடித்துவிட்டு, 'சிமுலேஷன் நிஜத்தோடு ஒத்து வராது சார், அது தியரி' என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். தியரி பாவம், அதன் மேல் பழி போடுகிறார்கள்.

நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டிரைவ் கமிஷனிங் செய்தவன். மாடல் போடும் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் முதலில் கேட்பேன்: எத்தனை மடங்கு வித்தியாசம் வருகிறது? அந்த எண்ணே கைரேகை மாதிரி. 1.41 என்றால் உச்சமும் ஆர்எம்எஸ்ஸும் கலந்துவிட்டன. 1.73 என்றால் ஃபேஸும் லைனும். 1.5 என்றால் டார்க் சூத்திரத்தின் முன்னால் நிற்கும் காரணி விடுபட்டது, அல்லது இரண்டு முறை வந்தது. 1.22 வந்தால் அது √1.5. யாரோ 2/3 மாற்றத்தையும் √(2/3) மாற்றத்தையும் ஒரே மாடலில் கலந்திருக்கிறார்கள். ஒன்றை ஒரு பாடப்புத்தகத்திலிருந்தும் இன்னொன்றை இணையத்திலிருந்தும் எடுத்தால் வருவது இதுதான். சரியாக 2 என்றால்தான் குழப்பம். போல் எண்ணிக்கையாக இருக்கலாம், லீடுக்கு லீடு அளந்த இண்டக்டன்ஸைப் பாதியாக்காமல் விட்டதாக இருக்கலாம், இல்லை உங்களுடையது போல √2-இன் இரட்டையாக இருக்கலாம். 1.07, 1.12 போல வந்தால்தான் நிஜமான பௌதிகத்தைத் தேட ஆரம்பிக்க வேண்டும்: சாச்சுரேஷன் (இரும்பு காந்தப்புலத்தால் நிறைந்துவிடுவது), சூடு, இரும்பு இழப்பு.

அந்த 1.5 காரணியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2/3 மாற்றம் எடுத்தால் டி, க்யூ எண்கள் ஃபேஸ் உச்சத்துக்குச் சமமாக நிற்கும், ஆனால் பவர் 1.5-ஆல் பெருக்கினால்தான் நிஜ பவர் ஆகும். √(2/3) எடுத்தால் பவர் அப்படியே வரும், மின்னோட்டமும் ஃப்ளக்ஸும் 1.22 மடங்கு பெரிதாகத் தெரியும், டார்க் சூத்திரத்தில் 1.5 கிடையாது. இரண்டும் சரி. ராபர்ட் பார்க் என்ற பொறியாளர் 1929-இல் இந்த டி-க்யூ மாற்றத்தை எழுதியது பவர் ஸ்டேஷன் ஜெனரேட்டர்களை மனதில் வைத்து. அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒரு காரணி, க்யூ முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று ஒரு வழக்கம், கோணத்தை எங்கிருந்து எண்ணுவது என்று இன்னொரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன சிமுலிங்க் பிளாக்கிலேயே ரோட்டர் கோணம் ஏ ஃபேஸ் அச்சோடு சேர்ந்து நிற்கிறதா, 90 டிகிரி பின்னால் நிற்கிறதா என்று தேர்வு இருக்கிறது. அதை மாற்றி வைத்துவிட்டு உங்கள் சொந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுபோய் இணைத்தால் நீங்கள் க்யூ என்று நினைத்து அனுப்பும் மின்னோட்டம் டி-யில் போய் உட்காரும். மோட்டார் டார்க்கே கொடுக்காமல் சூடாகும். சிமுலேஷனில் அதனால் நஷ்டமில்லை. நிஜத்தில் காந்தத்துக்கே ஆபத்து.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லாரும் பவர் பேலன்ஸ் பார் என்பார்கள்: உள்ளே போன வாட் = செம்பு இழப்பு + ஷாஃப்டில் வந்த வாட். உங்கள் மாடலுக்குச் சரியான ஃப்ளக்ஸ் போட்டு 7 நியூட்டன் மீட்டர், 3000 ஆர்பிஎம்மில் பாருங்கள். க்யூ மின்னழுத்தம் 156 வோல்ட், மின்னோட்டம் 10 ஆம்பியர். 1.5-ஆல் பெருக்கினால் 2334 வாட் உள்ளே போகிறது. செம்பில் 135 போகும், ஷாஃப்டில் 2199 வரும். அடைபட்டது. ஆனால் உங்கள் பழைய 0.165-ஐப் போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு அடைபடும்! பேக் இஎம்எஃப்புக்கும் (சுழலும்போது மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தம்) டார்க்குக்கும் ஒரே ஃப்ளக்ஸைத்தானே எடுக்கிறீர்கள், அது எவ்வளவு தப்பாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு. பவர் பேலன்ஸ் பிடிப்பது 1.5 தப்பையும் மாற்றக் கலப்பையும்தான். பாராமீட்டர் தப்பை அது பிடிக்காது.

அதைப் பிடிக்க லேத்தையே மாடலில் செய்யுங்கள். மின்னோட்டங்களைப் பூஜ்யமாக வைத்து, வேகத்தை 1000 ஆர்பிஎம் என்று கட்டிப்போட்டு, மாடலின் மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களை வெளியே எடுங்கள். இரண்டைக் கழித்து லைன் மின்னழுத்தம் ஆக்கி அதன் ஆர்எம்எஸ்ஸைப் பாருங்கள். உங்கள் பழைய மாடல் 42 வோல்ட் காட்டும். நிஜ லேத் 60 காட்டியது. எதை அளந்தீர்களோ அதையே மாடலில் திரும்ப அளப்பதுதான் சோதனை.

கடைசியாக அந்த 60 வோல்ட்டையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 4 போல் 1000 ஆர்பிஎம்மில் 33 ஹெர்ட்ஸ்தான். நிறைய மல்டிமீட்டர்களுக்கு ஏசி துல்லியம் 40, 45 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உத்தரவாதம். லேத் போர்டில் 1000 என்று எழுதியிருப்பதும் 1000-ஆக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய், ×10 ப்ரோப் போட்டு, இரண்டு லீடுக்கு நடுவே பாருங்கள். மோட்டார் வேறு எதோடும் இணைந்திருக்கக் கூடாது, அப்படியானால் கிரவுண்ட் கிளிப்பை ஒரு லீடில் மாட்டலாம். டிரைவ் இணைந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். உச்சத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே படத்திலிருந்து எடுங்கள். லைன் உச்சம் ÷ √3 ÷ (2π × அதிர்வெண்). ஃப்ளக்ஸ் கிடைத்துவிடும். இதில் ஆர்பிஎம்மும் வேண்டாம், போல் எண்ணிக்கையும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வியைக் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பிஎம்எஸ்எம் வெறும் வி/எஃப்-இல் ஆடத்தான் செய்யும். களத்தில் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்புள்ளி

பேனல்போர்டு சார் சொன்னது சரி, அது மோட்டாரின் குணம். ஆனாலும் கோடு தப்பா என்று தனியாகத் தெரிந்துகொள்ள முடியும். ஸ்டெப்பை 50 ஆக்குங்கள், பிறகு 10 மைக்ரோசெகண்ட். ஆட்டம் தொடங்கும் அதிர்வெண் நகர்ந்துகொண்டே போனால் எண்முறைக் கோளாறு. அங்கேயே நின்றால் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

உங்கள் ஸ்டெப்பால் என்ன கெடுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். மேற்பரப்புக் காந்த மோட்டாரில் டி, க்யூ இண்டக்டன்ஸ் ஒன்றே. வேகம் மாறாமல் இருந்தால் மின்னோட்டம் ரெசிஸ்டன்ஸ் ÷ இண்டக்டன்ஸ் வேகத்தில் அடங்கும். உங்களுக்கு 0.9 ÷ 0.008 = 112.5. கூடவே மின் கோணவேகத்தில் சுழலும். இந்தச் சுழற்சியை ஆய்லர் முறை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கொஞ்சம் வெளியே தள்ளும். 3000 ஆர்பிஎம்மில், அதாவது 628 ரேடியனில், 100 மைக்ரோசெகண்டுக்கு அந்த 112.5 சுமார் 93 ஆகிவிடுகிறது. ஆறில் ஒரு பங்கு டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் தன்மை) காணாமல் போகிறது! ஸ்டெப்பை 550 மைக்ரோசெகண்ட் வரை ஏற்றினால் மிச்சமும் போய் மாடல் வெடித்துவிடும். நிலையான நிலையின் எண்கள் மட்டும் எந்த ஸ்டெப்பிலும் சரியாகத்தான் வரும், அதனால் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. 20 ஹெர்ட்ஸ் போன்ற குறைந்த வேகத்தில் இந்தத் தள்ளல் மிகச் சிறியது, ஆகவே உங்கள் ஆட்டத்துக்கு ஆய்லரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இன்னும் துல்லியமான ரங்கே-குட்டா முறைக்கு மாறிவிடுங்கள், பைத்தானின் சைபை நூலகத்தில் ஒரே வரி வேலை.

இப்போது ஆட்டம். லோடு இல்லாமல், பேக் இஎம்எஃப்புக்குச் சமமாக மின்னழுத்தம் கொடுத்து ஓட்டும் நிலையை எடுத்து, அதைச் சுற்றி நேரியலாக்கிப் பார்த்தேன். நான்காம் படிச் சமன்பாடு ஒன்று வருகிறது. ரௌத் நிபந்தனை (ஆட்டம் அடங்குமா, வளருமா என்று சொல்வது) போட்டால் எல்லாம் அடித்துக்கொண்டு அழகாகச் சுருங்கி நிற்கிறது:

மின் கோணவேகத்தின் வர்க்கம் < (ரெசிஸ்டன்ஸ் ÷ இண்டக்டன்ஸ்)-இன் வர்க்கம் + ரோட்டரின் இயல்பு ஊசல் வேகத்தின் வர்க்கத்தில் பாதி.

இயல்பு ஊசல் என்பது சுழலும் காந்தப்புலத்தோடு ரோட்டர் ஒரு ஸ்பிரிங்கால் கட்டியது போல ஆடுவது. அதன் வர்க்கம் = 1.5 × ஜோடி வர்க்கம் × ஃப்ளக்ஸ் வர்க்கம் ÷ (இனர்ஷியா × இண்டக்டன்ஸ்). நீங்கள் போட்ட 0.165-க்கு இது சுமார் 5130. பாதி 2565. 112.5-இன் வர்க்கம் 12656. கூட்டினால் 15220, வர்க்கமூலம் 123 ரேடியன், அதாவது 19.6 ஹெர்ட்ஸ். நீங்கள் 20 என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோடு ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 25 ஹெர்ட்ஸில் ஆட்டத்தின் வேகத்தையும் அதே சமன்பாட்டில் தோராயமாக எடுத்தேன், வினாடிக்கு 9 வருகிறது.

சரியான 0.234 போட்டால் எல்லை 21 ஹெர்ட்ஸ் ஆகும். பெரிய மாற்றம் இல்லை. நிஜ மோட்டாரில் உராய்வும் பம்பின் தண்ணீரும் கொஞ்சம் டேம்பிங் கொடுக்கும், அதனால் இதைவிட மேலே போக வாய்ப்புண்டு. ஆனால் 100 ஹெர்ட்ஸ் வரை வெறும் வி/எஃப்-இல் கொண்டுபோகலாம் என்று நம்பாதீர்கள். இண்டக்ஷன் மோட்டாரில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாததற்குக் காரணம் ரோட்டரில் இருக்கும் கேஜ் என்ற கம்பிக்கூடு. ரோட்டர் ஆடினால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு ஆட்டத்தை அமுக்கும். நேராக லைனில் போட்டு ஓட்டும் பிஎம்எஸ்எம் வகைகளில் அதற்காகவே காந்தத்தோடு கேஜும் வைத்திருப்பார்கள். உங்கள் ரோட்டரில் வெறும் காந்தம்.

வி/எஃப்தான் வேண்டும் என்றால் டிரைவிலிருந்து போகும் பவரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, பவர் ஏறும்போது அதிர்வெண்ணைச் சற்றுக் குறைக்கும் ஒரு திருத்தம் போடலாம். அது கேஜ் செய்யும் வேலையைச் செய்யும். ஆனால் பேனலிலிருந்து வரும் ஒவ்வொரு வாட்டும் தண்ணீராக வேண்டிய சோலார் பம்புக்கு, ரோட்டர் கோணத்தை மதிப்பிட்டு க்யூ மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறைதான் சரி. அதில் மின்னழுத்தத்தின் கோணம் ரோட்டரைப் பின்தொடர்ந்தே போவதால் இந்த ஸ்பிரிங்கே கிடையாது.

அலைமாற்றி

நான் சொன்னதைப் புறந்தள்ளிவிடுங்கள் நண்பரே. எனக்கு வந்தபோது ஃப்ளக்ஸை நேராக டேட்டா ஷீட்டிலிருந்து போட்டிருந்தேன், அதனால்தான் போலை மாற்றியதும் சரியானது.

ஒரு கேள்வி கணக்குப்புள்ளிக்கு: காந்தம் ரோட்டருக்குள் புதைந்திருக்கும் மோட்டார் என்றால் இந்த எல்லைச் சூத்திரம் செல்லுமா?

கணக்குப்புள்ளி

செல்லாது. டி, க்யூ இண்டக்டன்ஸ் இரண்டும் வேறு என்றால் அது இப்படிச் சுருங்காது, எண்ணைப் போட்டு, ஆட்டம் அடங்குமா வளருமா என்று காட்டும் ஐகன் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். அங்கே வேறொரு தலைவலியும் உண்டு: க்யூ இண்டக்டன்ஸ் ஒரே எண்ணாக நிற்காது, மின்னோட்டம் ஏற ஏற இரும்பு சாச்சுரேட் ஆகிக் குறைந்துகொண்டே போகும். கையில் அப்படி மோட்டார் இல்லாமல் பழக வேண்டுமானால் டொயோட்டா பிரியஸின் 2004 மாடல் மோட்டாரை எடுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அதைப் பிரித்துப் போட்டு, அளந்து, அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. 8 போல், 48 ஸ்லாட், 400 நியூட்டன் மீட்டர் உச்ச டார்க். அந்த டார்க்கில் கணிசமான பங்கு காந்தத்திலிருந்து வருவதே இல்லை, இரண்டு இண்டக்டன்ஸின் வித்தியாசத்திலிருந்து வருகிறது. ஒரே எண் போட்ட மாடல் அங்கே எப்படித் தடுமாறும் என்று நேரில் பார்க்கலாம்.

மோனோபிளாக்

எல்லாருக்கும் நன்றி. மதியம் லேத் காலியானதும் ஸ்கோப்போடு போனேன். 1000 என்று எழுதியிருந்த கியரில் அதிர்வெண் 32.4 ஹெர்ட்ஸ், அதாவது லேத் ஓடுவது 972 ஆர்பிஎம். லைனுக்கு லைன் உச்சத்திலிருந்து உச்சம் 165 வோல்ட். சார் சொன்ன கணக்கில் ஃப்ளக்ஸ் 0.234. அந்த வேகத்துக்கு ஆர்எம்எஸ் 58.3 வர வேண்டும், மல்டிமீட்டர் 60 காட்டியது, ஆகமொத்தம் மீட்டரும் லேத்தும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒன்றையொன்று சரிசெய்துகொண்டிருக்கின்றன. அலை நல்ல சைன்தான், தலையில் மட்டும் லேசாகக் கூர்மை.

மாடலில் மாற்றியதும் 7 நியூட்டன் மீட்டருக்கு 9.97 ஆம்பியர். ரங்கே-குட்டா போட்டு வி/எஃப் ஓட்டினால் ஆட்டம் 21 ஹெர்ட்ஸைத் தொட்டதும் தொடங்குகிறது. ஸ்டெப் 10 ஆக்கினாலும் அங்கேயேதான்.

ஒரு சந்தேகம் பாக்கி. டிரம்மில் ஒரு மணி நேரம் லோடில் விட்டால் அதே 4.75 கிலோவுக்குக் கிளாம்ப் மீட்டர் 7.2-லிருந்து 7.6-க்கு ஏறிவிடுகிறது. மாடலில் இதை எங்கே போடுவது? ரெசிஸ்டன்ஸை ஏற்றிப் பார்த்தேன், மின்னோட்டம் மாறவே இல்லை.

பேனல்போர்டு

ரெசிஸ்டன்ஸை ஏற்றினால் மாறாது. மின்னோட்டத்தை நீங்கள் கன்ட்ரோல் செய்கிறீர்கள், ரெசிஸ்டன்ஸ் ஏறினால் டிரைவ் கொஞ்சம் அதிக வோல்ட் கொடுத்துவிட்டுப் போகும், செம்பு இழப்புதான் கூடும். ஏறியது காந்தத்தின் சூட்டால். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.11, 0.12 சதவீதம் பலம் இழக்கும். ஆறும்போது திரும்ப வந்துவிடும், அளவுக்கு மீறிச் சுட்டிருந்தால் தவிர. 7.2-லிருந்து 7.6 என்றால் ஐந்தரை சதவீதம், ஃப்ளக்ஸ் அந்த அளவு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ரோட்டர் 45 டிகிரி போல ஏறியிருக்கும். மாடலில் ஃப்ளக்ஸை வெப்பநிலையின் சார்பாக எழுதுங்கள், ஒரே பெருக்கல்தான்.

ரெசிஸ்டன்ஸையும் விடாதீர்கள், அது வேறு இடத்தில் கடிக்கும். செம்பு 30 டிகிரியிலிருந்து 100-க்குப் போனால் ரெசிஸ்டன்ஸ் 26 சதவீதம் ஏறும், உங்கள் 0.9 ஓம் 1.14 ஆகும். 320 வோல்ட் பஸ்ஸில் ஃபுல் லோடுக்கு, க்யூவின் 156-உடன் டி மின்னழுத்தமும் சேர்ந்து, உங்களுக்கு ஃபேஸ் உச்சம் 164 வோல்ட் வேண்டும். டிரைவின் சாதாரண ஸ்விட்சிங் முறையான சைன் பிடபிள்யூஎம் கொடுப்பது பஸ்ஸில் பாதி, 160. போதாது. ஸ்பேஸ் வெக்டர் என்ற இன்னொரு ஸ்விட்சிங் முறை போட்டால் 184 வரை கிடைக்கும். ரெசிஸ்டன்ஸ் ஏறியதும் தேவை இன்னும் இரண்டு வோல்ட் கூடும், காந்தம் சூட்டில் இறங்குவதால் பேக் இஎம்எஃப் எட்டு வோல்ட் போலக் குறையும், அது தப்பிக்கும். நான் பயப்படுவது அதற்கு இல்லை. சோலார் பஸ் 320-இல் நிற்காது. மேகம் வந்தால் 270-க்கு இறங்கும்போது ஸ்பேஸ் வெக்டரிலும் உங்களுக்கு 156-தான். அங்கே டிரைவ் என்ன செய்ய வேண்டும், வேகத்தைக் குறைக்கவா, டி மின்னோட்டத்தை எதிர்ப்பக்கம் தள்ளவா என்பதை மாடலில் இப்போதே ஓட்டிப் பாருங்கள். பம்பாக இருப்பதால் நான் வேகத்தைக் குறைப்பேன். சுற்று கொஞ்சம் இறங்கினாலே பவர் அதன் மூன்றாம் படியில் இறங்கிவிடும், டி மின்னோட்டத்துக்குச் செம்பில் வீணாக்குவானேன்.

அப்புறம் அந்த டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள் தம்பி. சூடு ஷாஃப்ட் வழியாக ரோட்டருக்குப் போனால் 45 டிகிரியில் எவ்வளவு மோட்டாருடையது, எவ்வளவு பிரேக்குடையது என்று பிரிக்க முடியாது.